சிவப்பு விளக்கு அணைய ஓர் உறுமல்: கிட் காரில் மூன்று கோடை ஓடிய ஆல்டர்னேட்டர்

லெஸ்டரில் இருக்கும் நண்பர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். அவர் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கும் கிட் காரின் எஞ்சின். பெல்ட் கழன்று தொங்குகிறது, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடம் காலி. கீழே ஒரே வரி: "அண்ணா, டைனமோ போச்சு. நீங்க மாட்டியிருக்கிறதையே வாங்கட்டுமா, வேணாமா?"

வாங்குங்கள் என்று அடித்தேன், அழித்தேன். வேண்டாம் என்று அடித்தேன், அதையும் அழித்தேன். மூன்று கோடை, சுமார் 6,800 மைல் ஓட்டியிருக்கிறேன். இன்னமும் ஒரு வார்த்தையில் பதில் வரவில்லை என்பதே எனக்கு எரிச்சல். அதனால்தான் இது. நண்பரே, நீளமாகத்தான் இருக்கும். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

வண்டி லோட்டஸ் செவன் பாணி. 1957-இல் வந்த அந்தக் குட்டிக் காரை அப்போதே பாகங்களாகவும் விற்றார்கள். பிரிட்டனில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கிடையாது. 1973-இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் பைத்தியம் மட்டும் போகவில்லை. நான் வாங்கியது இன்னொருவர் பாதி கட்டி அலுத்துப்போன வண்டி. இரும்புக் குழாய்ச் சட்டம், பழைய எஸ்கார்ட்டிலிருந்து கழற்றிய 1600 சிசி ஃபோர்டு கிராஸ்ஃப்ளோ எஞ்சின், எந்த வருடத்தது என்று சொல்ல முடியாத மற்ற பாகங்கள். நம்பர் பிளேட்டே க்யூவில்தான் தொடங்கும், அதாவது வயது தெரியாத வண்டி. கதவு இல்லை, ஹீட்டர் இல்லை, மழை வந்தால் நனைய வேண்டியதுதான்.

அதில் முதலில் இருந்தது லூகாஸ் 17ஏசிஆர் ஆல்டர்னேட்டர். சென்னைக்காரர்களுக்கு லூகாஸ் என்றால் பாடிப் பக்கத்துப் பேருந்து நிறுத்தம். எனக்குக் கோவையில் மாமாவின் நண்பர் வைத்திருந்த செல்ஃப் டைனமோ கடை. அங்கே ஆல்டர்னேட்டர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே இருப்பது எதுவானாலும் டைனமோதான், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எதுவானாலும் கட்-அவுட்தான். இங்கே பழைய பிரிட்டிஷ் கார்க்காரர்கள் லூகாஸை இருட்டின் இளவரசன் என்று கிண்டல் செய்வார்கள். அது எனக்கு நியாயமாகப் படவில்லை. 36 ஆம்பியர்தான் தரும் என்றாலும் என்னிடம் இருந்தது நாற்பது வருடத்துக்கு மேல் சுற்றியது. கடைசியில் பேரிங் அரைக்கத் தொடங்கிப் போனது. வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

கோவையாக இருந்தால் பேரிங் இரண்டும், உள்ளே உரசித் தேயும் கார்பனும் மாற்றி மாலைக்குள் மாட்டியிருப்பேன். நான் இப்போது இருக்கும் கவென்ட்ரியில் பழையதைக் கொடுத்துவிட்டு, யாரோ புதுப்பித்த ஒன்றை வாங்குவதுதான் வழக்கம். அப்படி இணையத்தில் மலிவாக ஒன்று வாங்கினேன். யாரிடம் என்று சொல்லப் போவதில்லை. பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட் அடித்து அனுப்பினார்கள். ஐந்தாவது மாதம், வாரிக் பக்கம் ஏ46 சாலையில், இரவு பத்து மணிக்கு, ஹெட்லைட் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் எஞ்சினே தும்மி நின்றது. பிரித்துப் பார்த்தால் டயோடு பலகையில் ஒரு டயோடு கருகியிருந்தது. பேரிங்குகளையும் பார்த்தேன், ஒன்று புதிது, இன்னொன்று பழசு. பெயிண்டுக்குச் செலவழித்ததில் கால்வாசியை அந்த இன்னொரு பேரிங்குக்குச் செலவழித்திருக்கலாம்.

சரி, இனி ஒழுங்காகத் தேர்ந்தெடுப்போம் என்று ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹெட்லைட் இரண்டு, ஒவ்வொன்றும் 55 வாட். 13.5 வோல்ட்டில் பார்த்தால் எட்டு ஆம்பியர் சொச்சம். ரேடியேட்டர் மின்விசிறி ஓடும்போது எட்டு. இக்னிஷனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் சேர்த்து ஏழு. பின்விளக்கு, டாஷ் விளக்கு மூன்று. மழையில் வைப்பர் மூன்று. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் முப்பதைத் தாண்டவில்லை. பேட்டரிக்குத் திரும்ப ஏற்றப் பத்து வைத்தாலும் நாற்பது. அதனால் 45 ஆம்பியர் போதும். "எதுக்கும் இருக்கட்டும்னு 90 ஆம்பியர் போடலாமே" என்று நண்பர் கேட்பார், தெரியும். 90 ஆம்பியர் போட்டால் ஒன்றும் குடி முழுகாது, கேட்கும் மின்சாரத்தைத்தான் அது தரும். ஆனால் உடல் பெரிது, எடை அதிகம், என் வண்டியில் பானெட்டுக்கும் சட்டக் குழாய்க்கும் நடுவே இருக்கும் சந்தில் நுழையாது. பேட்டரி இறங்கியிருக்கும் நாளில் அந்த 90 ஆம்பியரையும் ஒல்லியான ஒற்றை வி-பெல்ட் இழுத்தாக வேண்டும். கீச்சென்று கத்தும்.

பழைய இரும்புக் கடையில் 2000-க்குப் பிந்தைய ஃபோர்டு ஆல்டர்னேட்டர்கள் குப்பை விலைக்குக் கிடைக்கும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. அவற்றில் பல, எத்தனை வோல்ட் தர வேண்டும் என்பதைக் காரின் கணினியிடம் கேட்டுத்தான் தரும். கார்புரேட்டர் வைத்த வண்டியில் எந்தக் கணினி பதில் சொல்லும்? கேட்க ஆள் இல்லாவிட்டால் அவை குறைந்த வோல்ட்டில், 13.5 அளவில், சோம்பலாக நின்றுவிடும். பிளக்கில் மூன்று ஒயர் இருந்தால் அவை எதற்கு என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

கடைசியில் நான் வாங்கியது ரேஸ் வண்டிகளுக்கென்று விற்கும் குட்டி ரகம். 45 ஆம்பியர், எடை மூன்று கிலோவுக்குள், விசிறி உள்ளேயே இருக்கிறது, ஒயர் இரண்டே இரண்டு: பேட்டரிக்குப் போகும் தடித்த ஒயர், டாஷில் இருக்கும் சிவப்பு சார்ஜ் லைட்டுக்குப் போகும் மெல்லிய ஒயர். விலை 189 பவுண்டு. (இப்போது அதையே 40 பவுண்டு குறைத்து விற்கிறார்கள். அதைப் பார்த்த நாளில் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.) விளம்பரத்தில் "அப்படியே மாட்டிக்கொள்ளலாம்" என்று இருந்தது. அந்த இரண்டு சொற்களோடு எனக்கு மூன்று வருடமாகச் சண்டை.

முதலில், அப்படியே மாட்ட முடியாது. பழையதற்கு முன்னால் ஒரு காது, பின்னால் ஒரு காது, இரண்டுக்கும் நடுவே எஞ்சின் பிராக்கெட். புதியதற்குக் கீழே ஒரே அகலமான கால், மேலே பெல்ட்டை இறுக்க ஒரு காது. நடுவில் விழும் இடைவெளிக்கு இரும்புப் புஷ் (குட்டிக் குழல்) ஒன்று கடைய வேண்டும். அது இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் பிராக்கெட் வளையும், அல்லது அலுமினியக் கால் விரியும். லேத் வைத்திருக்கும் ஒருவர் ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்குக் கடைந்து கொடுத்தார். பிறகு புல்லிகளின் நேர். கிராங்க் புல்லி முகத்தில் ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தபோது ஆல்டர்னேட்டர் புல்லி நான்கு மில்லிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. புஷ்ஷைத் திரும்பக் கடைந்து, வாஷர் வைத்து, ஒரு மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தேன். இந்த வேலையைச் சோம்பல் பார்க்காமல் செய்ததால் மூன்று வருடத்தில் பெல்ட் ஒருமுறைகூடக் கீச்சிடவில்லை, கறுப்புத் தூளும் விழவில்லை. பெல்ட்டின் நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங்குக்குக் கேடு.

அடுத்தது ஒயர். இங்கேதான் எனக்கு உண்மையான சந்தோஷம் கிடைத்தது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பழைய ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வந்த பழுப்பு ஒயர் மூன்று சதுர மில்லிமீட்டர். பிரிட்டிஷ் வண்டிகளில் பழுப்பு என்றால் பேட்டரி ஒயர், பழுப்பில் மஞ்சள் கோடு என்றால் சார்ஜ் லைட் ஒயர். அந்தப் பழுப்பு ஒயரின் உறையைச் சீவிப் பார்த்தேன். உள்ளே செம்பு கறுத்துப் போயிருந்தது. கழற்றி எறிவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன், இதை எல்லாரும் செய்யலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் விசிறியையும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலும், மறுமுனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைக்க வேண்டும். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். எனக்கு 0.9 காட்டியது. அடுத்து ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே வைத்தேன். 0.4. ஆக 1.3 வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. ஆல்டர்னேட்டர் ஒழுங்காக 14.2 தந்தால்கூடப் பேட்டரிக்கு 12.9 தான் வந்து சேரும். எத்தனை ஆண்டுகளாக இந்த வண்டி அரைவயிற்றுக் கஞ்சியில் ஓடியிருக்கிறதோ!

பத்து சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டேன். 45 ஆம்பியருக்கு ஆறு போதும் என்று அட்டவணை சொல்லும். ஒயர் சூடேறாமல் இருக்க ஆறு போதும்தான், ஆனால் வோல்ட் வழியில் விழாமல் இருக்கப் பத்து நல்லது. 1.8 மீட்டர் நீளம், முப்பது ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.1 வோல்ட் அளவுதான். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 60 ஆம்பியர் போல்ட் பியூஸ். பியூஸ் எதற்குப் பேட்டரி பக்கம் என்று கேட்டால், இந்த ஒயர் எங்காவது உரசிச் சட்டத்தைத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டப்போவது பேட்டரிதான், ஆல்டர்னேட்டர் அல்ல. எர்த்துக்கு எஞ்சினிலிருந்து சட்டத்துக்குப் பின்னல் பட்டை ஒன்று, சட்டத்திலிருந்து பேட்டரிக்கு ஒன்று. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் தானாக எர்த் ஆகாது. சட்டம் முழுக்கப் பவுடர் பெயிண்ட். ஒயர் முனையின் லக்கு உட்காரும் இடத்தில் பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டி, போல்ட்டை இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவினேன். முன்னால் கட்டிய புண்ணியவான் பெயிண்டின் மேலேயே போல்ட் போட்டிருந்தார். அந்த 0.4 வோல்ட்டின் கதை அதுதான்.

முதல் இரவு ஓட்டத்தில் ஹெட்லைட்டைப் போட்டதும் வேறு யாரோ பின்னாலிருந்து லைட் அடிக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஹாலஜன் பல்புக்கு ஒரு வோல்ட் கூடினால் வெளிச்சம் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஏ46-இல் எந்த இடத்தில் வண்டி நின்றதோ அதே இடத்தைத் தாண்டும்போது ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். பேட்டரி முனையில் 14.3. குளிரோ வெயிலோ, சாலையில் ஓடும்போது மூன்று வருடமாக அந்த 14.3 அசையவில்லை.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வெளிச்சம் ஆல்டர்னேட்டரின் புண்ணியமே இல்லை. முப்பது பவுண்டுக்குள் வாங்கிய ஒயரும் லக்கும் செய்த வேலை. பழைய லூகாஸ் உயிரோடு இருந்து இந்த ஒயரை மட்டும் மாற்றியிருந்தாலும் ஏறக்குறைய இதே வெளிச்சம் வந்திருக்கும்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன்.

மாட்டி முடித்த முதல் நாள் சாவியைத் திருப்பினேன், சிவப்பு சார்ஜ் லைட் எரிந்தது. எஞ்சின் பிடித்தது. லைட் எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரியில் 12.4. ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுப் பார்த்தேன், இறங்கிக்கொண்டே போனது. வெறுத்துப்போய் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்றைத் தொட்டதும் லைட் பட்டென்று அணைந்தது, மீட்டர் 14.3-க்குத் தாவியது. அதன்பிறகு ஐடிலுக்கு இறங்கினாலும் அணைந்தே இருந்தது. எஞ்சினை நிறுத்தித் திரும்பப் போட்டால் மறுபடி முதலிலிருந்து.

விற்றவருக்கு எழுதினேன். திருப்பி அனுப்பச் சொன்னார்கள். இவ்வளவு பாடுபட்டு மாட்டியதைக் கழற்றி, பொட்டலம் கட்டி, 14 பவுண்டு தபால் செலவில் அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: சோதித்தோம், பழுது இல்லை. அவ்வளவுதான். ஏன் அப்படி ஆகிறது என்று ஒரு வரி இல்லை. "உங்கள் சார்ஜ் லைட் என்ன வகை?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு ஒரு கோடை மிஞ்சியிருக்கும். தவறு அவர்களுடையது இல்லை என்று இப்போது தெரியும். தெரிந்தும் அந்தச் சீட்டை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

ஆக, முதல் கோடை முழுக்க ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் ஓர் உறுமல். சைலன்சர் என்று பெயருக்கு ஒன்று பக்கவாட்டில் தொங்கும் வண்டி இது. ஞாயிறு காலை ஏழு மணிக்கு 2,800-க்கு மிதித்தால் தெருவே எழுந்துகொள்ளும். ஸ்டோன்லியில் மே மாதம் நடந்த கிட் கார் கண்காட்சிக்குப் போனபோது, மைதானத்தில் மெதுவாக நகரும் வரிசையில் வண்டியை நிறுத்திக் கிளப்பி, நிறுத்திக் கிளப்பி, ஒவ்வொரு முறையும் உறுமினேன். சுற்றி இருந்தவர்கள் நான் படம் காட்டுவதாக நினைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் கைதட்டினான். கூசிப் போயிற்று.

விடை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். ஒரு காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "உங்க டாஷ்ல அந்த லைட் பல்பா, எல்இடியா?" என்று கேட்டார். எல்இடி என்றேன். அந்தக் குளிர்காலத்தில்தான் டாஷ்போர்டு முழுவதையும் அழகாக எல்இடிக்கு மாற்றியிருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஆல்டர்னேட்டருக்குள் சுற்றும் ரோட்டர் ஒரு மின்காந்தம். அது காந்தமாக இருந்தால்தான் மின்சாரம் வரும், மின்சாரம் வந்தால்தான் அது காந்தமாகும். முதல் தள்ளு யார் கொடுப்பது? இந்த இரண்டு ஒயர் ரகத்தில் சார்ஜ் லைட்டின் பல்புதான் கொடுக்கிறது. சாவியைத் திருப்பியதும் பேட்டரியிலிருந்து பல்பு வழியாக, மெல்லிய ஒயர் வழியாக, ரெகுலேட்டரைத் தாண்டி ரோட்டருக்குப் போய் எர்த்தில் இறங்குகிறது ஒரு சின்ன மின்சாரம். 2.2 வாட் பல்பு என்றால் சுமார் 180 மில்லி ஆம்பியர். ரோட்டர் விழித்துக்கொள்ள அது போதும். ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கியதும் அந்த ஒயரிலும் 14 வோல்ட் வந்துவிடும், பல்பின் இரு பக்கமும் சமம், விளக்கு அணைந்துவிடும். எல்இடி விடுவது பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர். அதை வைத்து ரோட்டர் என்ன செய்யும்? இரும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சக் காந்தத்தை நம்பித்தான் எழ வேண்டும், அதற்கு வேகமாகச் சுற்ற வேண்டும். அதுதான் உறுமல். இத்தனை நாளும் அந்தப் பல்பு தகவல் சொல்வதற்கு என்று நினைத்திருந்தேன். அது இயந்திரத்தின் ஒரு பாகம். (ஒரு பிளக்கில் இக்னிஷனுக்குத் தனி முனை உள்ள ஜப்பானிய ரகங்களில் ரோட்டருக்கான மின்சாரம் அதன் வழியே வந்துவிடும். பல்பு பிரச்சினை அவற்றுக்குக் கிடையாது. நண்பர் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.)

புரிந்ததும் சரிசெய்வது சுலபம் என்று நினைத்தேன். எல்இடிக்குப் பக்கத்திலேயே 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணையாகப் போட்டால் பல்பின் வேலையை அது செய்யும். டப்பாவைத் துழாவினேன், 68 ஓம் கிடைத்தது, போட்டேன். வேலை செய்தது. இரண்டு வருடம் செய்தது. நான் கணக்குப் போடாதது ஒன்று: அந்த ரெசிஸ்டர் அரை வாட்டுக்கானது. எஞ்சின் ஓடும்போது அதற்கு வேலையே இல்லை. ஆனால் எஞ்சின் நின்று சாவி மட்டும் திருப்பியிருக்கும்போது அதில் ஒன்றரை வாட்டுக்கு மேல் எரியும். போன மாதம் கார்புரேட்டர் மட்டம் பார்ப்பதற்காகப் பெட்ரோல் பம்ப் ஓடட்டும் என்று சாவியைப் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் குனிந்து நின்றேன். டாஷுக்குப் பின்னாலிருந்து கருகல் வாசனை. ரெசிஸ்டர் கரியாகி, ஒயர்க் கட்டில் சுற்றிய டேப்பை உருக்கி, பக்கத்து ஒயரின் உறைவரை வந்திருந்தது. இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் இந்தப் பதிவின் தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

ஐந்து வாட் பீங்கான் ரெசிஸ்டர் போடலாம், அதுதான் முறை. நான் கோபத்தில் அந்த ஒரு எல்இடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதன் இடத்தில் 987 என்ற எண்ணில் கிடைக்கும் 2.2 வாட் திருகு பல்பை, பழைய டாஷிலிருந்து எடுத்த ஹோல்டரோடு வைத்துவிட்டேன். பல்பு ஒரு பவுண்டுகூட இல்லை. அழகான நீல வெள்ளை டாஷில் அது மட்டும் தேங்காய் எண்ணெய் விளக்கு மாதிரி மங்கலாகச் சிவந்து எரிகிறது. பல்பு பீஸ் போனால் மறுபடி உறுமாமல் சார்ஜ் வராது, அதனால் கையுறைப் பெட்டியில் இன்னொன்று வைத்திருக்கிறேன்.

பல்பு போட்டபின் உறுமல் போயிற்றா என்றால், பாதி போயிற்று. இப்போது 2,800 தேவையில்லை, 1,100 போதும். ஆனால் என் ஐடில் 900. ஆக ஒரு சின்னத் தட்டாவது தட்ட வேண்டும். மூன்றாவது வருடத்தில்தான் புல்லியை அளக்கத் தோன்றியது. பழைய லூகாஸில் இருந்த புல்லி 66 மில்லிமீட்டர் விட்டம். புதியதோடு வந்தது 86. கிராங்க் புல்லி 125. பழைய கணக்கில் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆல்டர்னேட்டர் 1.9 சுற்று. இப்போது 1.45. ஐடிலில் பழையது 1,700 சுற்றியது, இது 1,300 சுற்றுகிறது. சிக்னலில் ஹெட்லைட்டும் விசிறியும் ஓட நின்றால் மீட்டர் 12.6-க்கு இறங்குவதற்கும் காரணம் இதே புல்லிதான். ரேஸ் வண்டி எப்போதும் ஆறாயிரம், ஏழாயிரத்தில் ஓடும், அதற்கு ஆல்டர்னேட்டர் அளவு மீறிச் சுற்றக் கூடாது, அதனால் பெரிய புல்லி வைத்து விற்கிறார்கள். அவர்கள் செய்தது சரி. சாலையில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தாது. பெட்டியிலேயே எழுதியிருந்தது: போட்டி வண்டிகளுக்கு. படித்தேன், பெருமையாக இருந்தது, வாங்கினேன்.

கில் சுவிட்ச், அதாவது அவசரத்துக்கு மின்சாரம் முழுவதையும் வெட்டும் சுவிட்ச், வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஓடும் எஞ்சினில் பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் எகிறி டயோடுகளைத் தின்றுவிடும், எஞ்சினும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு முனை உள்ள சுவிட்ச் வாங்குங்கள். அது இக்னிஷனையும் சேர்த்து வெட்டும், மிச்ச மின்சாரத்தை 3 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்கிவிடும். அந்த ரெசிஸ்டரைப் பெட்டியிலேயே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

ஆக, கணக்கு. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட வழியில் நிற்கவில்லை. பேரிங் சத்தமில்லை. 14.3 அசையவில்லை. எடை குறைவு, இடம் அடைக்கவில்லை, பிரித்துப் பார்த்தபோது கார்பன் பாதிகூடத் தேயவில்லை. நான் திட்டிய ஒவ்வொன்றையும் தேடிப்போனால் கடைசியில் நான் மாட்டிய எல்இடி, நான் போட்ட அரை வாட் ரெசிஸ்டர், நான் படித்தும் கவனிக்காத பெட்டி வாசகம். குறை சொல்ல ஒன்றுமில்லாத ஆல்டர்னேட்டர்.

எனக்குப் பிடிக்கவில்லை. நண்பரே, வாங்காதீர்கள். நல்ல கையில் புதுப்பித்த பழைய 17ஏசிஆர் ஒன்றைத் தேடி, இரண்டு பேரிங்கும் புதிதா என்று கேட்டு வாங்கி, பத்து சதுர மில்லிமீட்டர் ஒயரும் ஒழுங்கான எர்த்தும் போட்டு, பல்பைத் தொடாமல் ஓட்டுங்கள். பணமும் மிஞ்சும். இதை இன்று காலை மழையில் நனைந்து வந்து எழுதுகிறேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை கேட்டிருந்தால், காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் வெயிலில் நூறு மைல் ஓட்டிவிட்டு வந்த மாலையில், வேறு மாதிரிதான் சொல்லியிருப்பேன்.

66 மில்லிமீட்டர் புல்லி நேற்று வந்துவிட்டது. புல்லி இருபது மில்லிமீட்டர் சிறுத்தால் பெல்ட் முப்பத்தொரு மில்லிமீட்டர் குட்டையாக வேண்டும், அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இல்லை. பழைய லூகாஸுக்கு இருந்த பெல்ட் சரியாக அந்த அளவுதான். அதை இனி தேவைப்படாது என்று போன வசந்தத்தில் கொட்டகையைச் சுத்தம் செய்தபோது குப்பையில் போட்டேன். புதியது வியாழக்கிழமை வருமாம்.